கெதியா என்று கூவினேன்

கவுஞ்சி,
ஆகஸ்ட் 1979

அன்பு அமிர்தவல்லிக்கு,

நல்லையா எழுதுவது. குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே தேயிலைத் தோட்டத்தில் அம்மாவுக்கு இருமல் தணிந்ததா?

ஞாயிறன்று பக்கத்து ஊரான பூம்பாறையோடு கால்பந்து. கேப்டன் குருநாதன் உள்ளூர் ஆட்களை விட்டுவிட்டு என்னை எடுத்தான். பார்க்க வந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். "ஏலே குருநாதா, நம்மூர்ல ஆளா இல்ல? சிலோன்காரன எதுக்கு எடுத்த?"

கோலுக்கு அருகே தனியாக நின்ற நான், நம் தோட்டத்தில் கூவுவது போலவே "கெதியா தா!" என்று கூவினேன். பந்தை வைத்திருந்தவன் நின்று, "என்னதுண்ணே?" என்று கேட்டான். அதற்குள் பந்து பறிபோனது. தோற்றோம்.

"இவன் பேச்சே புரியலயே" என்றார்கள். குருநாதன் மட்டும், "வெரசான்னு சொல்லுங்கண்ணே. அடுத்த வாரமும் நீங்கதான்" என்றான். சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. கிழங்கு தோண்டும்போதும் வெரசா, வெரசா என்று வாய் முணுமுணுக்கிறது.

என் பழைய பூட்ஸ் பெட்டிக்கடியில் இருக்கும், எடுத்து வா. இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களின் கப்பல் பட்டியலில் உன் பெயரும் அம்மா பெயரும் வந்ததும் தந்தி கொடு. தபால் பஸ் ஹாரன் அடிக்கிறது. வெரசா வந்து சேர்.

பார், உனக்கே அப்படி எழுதிவிட்டேன். கெதியா வா.

நல்லையா