ஹோல்டில் நிற்கிற பில்

4-8-2025, திங்கள்

கடையில் கூட்டம் இல்லை. ஆடி முடிகிற வரை நாட்டு மருந்துக் கடைக்கும் இப்படித்தான் போல.

வண்ணார்பேட்டையில் இருந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண் வந்தாள். விஜயஸ்ரீ என்று பேர். கல்லா மேசைக்குக் கீழே இருக்கிற கறுப்புப் பெட்டிதான் சர்வராம். அதற்குள் டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறதாம், அது பழசாகிவிட்டதாம். பில் போடுகிற சாப்ட்வேரில் புதுசு வந்திருக்கிறது, அது இந்தப் பழசோடு ஒட்டாதாம். சரக்குப் பேர், விலை, இதுவரை போட்ட பில் எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு நகர்த்த வேண்டும் என்றாள். அடுத்த வாரத்துக்குள் மாற்றாவிட்டால் பில்லே வராதாம்.

சித்தரத்தை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். இது எந்த டப்பா? ஒன்றும் விளங்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். என்னைக் கட்டின மச்சான் இருந்தால் அவர்பாட்டுக்குப் பார்த்திருப்பார்.

6-8-2025, புதன்

விஜயஸ்ரீ வேலையை ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டாள்.

“அக்கா, ஒரு பில்லு ஹோல்டுல நிக்குது. அத முடிக்கணும், இல்லன்னா கேன்சல் பண்ணணும். அப்பத்தான் டேட்டா நகரும்.”

ஹோல்டு என்றால் பாதியில் நிறுத்தி வைத்தது. நான் எதையும் நிறுத்தி வைக்கவில்லையே என்றேன். தேதியைப் படித்துச் சொன்னாள். பிப்ரவரி மாதம், நோன்புக்கு முந்தின வாரம். மச்சான் கண்ணை மூடி மவுத்தான நாள்.

பில் போட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் சாய்ந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பில்தான் இது. யாரோ கரண்டை அணைத்திருக்கிறார்கள், அது தானாக ஹோல்டில் போய் உட்கார்ந்துகொண்டது. புருஷன் போனவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் நான் வீட்டுக்குள் இருந்த மாதமெல்லாம் கொழுந்தன் காஜா முகைதீன்தான் கடை திறந்தான். அவன் சீட்டில் எழுதிக் கொடுத்தான், கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நான் வந்து ஒரு மாதமாகிறது. எனக்கு இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது.

சுக்கு. மாசிக்காய். கடுக்காய். வசம்பு. வசம்புக்கு நேரே எத்தனை என்கிற கட்டம் காலி.

“கேன்சல் பண்ணிரட்டாக்கா?”

வேண்டாம் என்றேன். கத்திவிட்டேன் போல. பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோய் கையை எடுத்துக்கொண்டாள்.

7-8-2025, வியாழன்

காஜா வந்தான். “என்ன மைனி, நாலு சாமானுக்கு இம்புட்டு யோசனையா? ஊர் பூரா பில்லு கேன்சல் பண்ணுதான். ஒரு பொத்தான அமுக்குங்க” என்றான்.

அவன் சொல்வது சரிதான். ஆனால் அது நாலும் பச்சைப் பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிற மருந்து. யாரோ ஒரு ஆள் அதைக் கேட்டு மச்சான் முன்னால் நின்றிருக்கிறது. கடைசியாக அவர் பேசியது அந்த ஆளிடம்தான். இது ஏன் எனக்கு இத்தனை மாதம் தோன்றவில்லை?

அல்லாஹ் ஒருவன் என்கிற கலிமா கடைசி மூச்சில் வாயில் வர வேண்டும் என்பார்கள். காஜாவிடம் கேட்டேன். “கலிமா சொல்லித்தான் போனாகன்னு சொன்னியே, நீ உன் காதால கேட்டியா?”

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நான் வாரதுக்குள்ள ஆட்டோவுல ஏத்திட்டாவ மைனி. டீக்கடை அண்ணாச்சி சொன்னாருன்னு...”

9-8-2025, சனி

டீக்கடை ஆவுடைநாயகம் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். “நான் எங்கம்மா கேட்டேன்? சத்தங் கேட்டு ஓடியாரேன், அப்பமே கண்ண மூடிட்டாரு. சொல்லியிருப்பாருன்னு உங்க ஆளுகதான் பேசிக்கிட்டாங்க. ஒரு பொம்பள அவரு தலைய மடியில வச்சிருந்துச்சு. வெளியூரு போல” என்றார்.

சொல்லியிருப்பார் வேற, சொன்னார் வேற இல்லையா? ரெண்டும் ஒண்ணா? இவர் அவரச் சொல்லுதாரு, அவர் இவரச் சொல்லுதாரு. நான் இம்புட்டு நாளும் அந்த ஒத்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுல்லா கிடந்தேன். ஒவ்வொரு தொழுகையிலயும் அதச் சொல்லித்தான அவுகளுக்காகக் கேட்டேன். யா அல்லாஹ், நான் இனி யார்கிட்ட போய்க் கேக்க.

10-8-2025, ஞாயிறு

எழுத ஓடவில்லை.

12-8-2025, செவ்வாய்

இனி தள்ளிப்போட முடியாது என்று விஜயஸ்ரீ போன் பண்ணினாள். அந்தப் பில், கலிமா, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். பெற்றவளிடம்கூட இப்படிச் சொன்னதில்லை. “இருங்கக்கா, உள்ள போய்ப் பாக்கேன்” என்றாள்.

மத்தியானம் வந்தாள். டேட்டாபேஸைத் திறந்து காட்டினாள். கட்டம் கட்டமாக இங்கிலீஷ். பில் போடுகிற இடத்தில் தெரியாததெல்லாம் இதற்குள் தெரியுமாம். மச்சான் முதலில் போன் நம்பரைத்தான் வாங்கிப் போடுவார். அது அப்படியே இருந்தது.

போனை அவளிடம் கொடுத்தேன். அவளே நம்பரை அடித்து என் காதில் வைத்தாள்.

எடுத்தவர் முன்னீர்பள்ளம் மாரித்தாய். மேலப்பாளையம் மருந்துக் கடை என்று சொன்னதுமே, “ஏ தாயி, அந்த அண்ணாச்சி வீடா?” என்று அழுதுவிட்டார். மச்சான் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“வசம்பு ஒண்ணு போதுமா, ரெண்டு போடட்டுமான்னு கேட்டாவ. ரெண்டு போடுங்கன்னேன். பிஸ்மில்லான்னுட்டு டப்பாவுக்குக் குனிஞ்சாவ, அப்படியே சாஞ்சுட்டாவ. அதுக்கு மேல பேச்சில்ல தாயி. தண்ணி கொடுத்துப் பாத்தேன், இறங்கல.”

கலிமா இல்லை. வசம்பு ஒன்றா, ரெண்டா.

எந்த டப்பாவைத் தொட்டாலும் பிஸ்மில்லா சொல்கிறவர்தான் அவர். ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வாரோ.

13-8-2025, புதன்

அந்தப் பிஸ்மில்லா கலிமாவுக்குச் சேருமா, சேராதா? காலையில் இருந்து இதுதான். “பள்ளியாசல்ல அசரத்துகிட்ட கேட்டுட்டு வாரட்டா மைனி?” என்றான் காஜா. இமாம் சொன்னால் சரியாக இருக்கும் என்று போகச் சொன்னேன். வாசல் வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டேன். அசரத்து என்ன சொன்னாலும் அது அவர் சொன்னதாகிவிடும், மச்சான் சொன்னதாகாது. எனக்கு மாரித்தாய் சொன்னது போதும். மச்சான் அல்லாஹ் பேரைச் சொன்னார், பிறகு குனிந்தார்.

14-8-2025, வியாழன்

காலிக் கட்டத்தில் 2 என்று நானே அடித்தேன். விஜயஸ்ரீ சேவ் எங்கே என்று காட்டினாள், அமுக்கினேன். சீட்டு வந்தது. நாலு சாமானையும் எடுத்து மாரித்தாய்க்குப் பொட்டலம் கட்டினேன்.

பிறகு டேட்டா நகர்ந்தது. பாதியில் ஒரு தடவை நின்று எங்கள் ரெண்டு பேரையும் பயமுறுத்தியது. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போது முடிந்தது. இப்போது திரை எல்லாம் நீலமாக இருக்கிறது. சுக்கு என்று தேடினால் சுக்குக் காபித்தூள் வருகிறது. தலை சுற்றுகிறது.

30-8-2025, சனி

மாரித்தாய் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பொட்டலத்தைக் கொடுத்தேன். “இவன் செருப்பையே பிடிச்சுத் திங்கான், இனி மருந்து என்னத்துக்கு” என்று சிரித்தார். வாங்கிக்கொண்டார்.

பிள்ளையைக் கல்லா மேசையில் உட்கார வைத்தேன். ரெண்டு கையாலும் கீபோர்டைப் போட்டு அடித்தான். கஸ்தூரி மஞ்சள் எழுநூறு கிலோ என்று ஒரு பில் ஹோல்டில் போய் நின்றது. “ஐயையோ தாயி, எதையாவது கெடுத்துட்டானா?” என்று அவர் பிள்ளையைத் தூக்கப் போனார்.

“இருக்கட்டும் அக்கா, அடிக்கட்டும்” என்று சொல்லி, கேன்சல் போட்டேன்.