மூன்று கட்டையில் கல்யாணி

மார்ச் 3, செவ்வாய்

கச்சேரி அமைப்பாளர் மறுபடியும் கூப்பிட்டார். பதினான்காம் தேதி ஜுகல்பந்தியைத் தள்ளிவைக்க முடியாதாம், நோட்டீஸ் அடித்தாகிவிட்டதாம். அவரைப் பொறுத்தவரை நாங்கள் இன்னும் கணவன் மனைவி. நான் கர்நாடகம், என் கணவர் இந்துஸ்தானி, பதினாறு வருஷமாக ஒரே மேடை. இவர் தனியாகப் போய் எட்டு மாதம் ஆனதும், இருபத்தேழாம் தேதி குடும்ப நீதிமன்றத்தில் கடைசிக் கையெழுத்து இருப்பதும் அந்த மனிதருக்குத் தெரியாது.

சரி என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்.

பிறகு துணி மடித்தேன்.

மார்ச் 4, புதன்

மகளிடம் சொன்னேன். "மேடையிலயாவது ரெண்டு பேரும் பேசிக்குவீங்களாம்மா?" என்றாள். பாடுவோம் என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

மிருதங்கக்காரர் வீட்டு மாடி அறையில் முதல் ஒத்திகை. இரைச்சல் வேண்டாமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார், எல்லோருக்கும் வேர்த்தது. இவருக்குச் சுருதி ஒன்றரைக் கட்டை, எனக்கு ஐந்து. ஜுகல்பந்திக்காக அவர் ஏறி நான் இறங்கி, இருவருக்கும் சௌகரியமில்லாத மூன்று கட்டையில் நிற்பது வழக்கம். எங்கள் குடித்தனமும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

"வந்துட்டியா" என்றார். மெலிந்திருக்கிறார். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அவரைப் பார்த்தபோது எனக்கு அப்படி இருந்தது.

நான் கல்யாணி என்பேன், அவர் யமன் என்பார். ராகம் ஏறக்குறைய ஒன்றுதான், நடைதான் வேறு. நான் கீழ் நிஷாத ஸ்வரத்தில் மெல்ல முடித்துக் கொடுத்தால் அவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை நான் முடிப்பதற்குள் என் மேலேயே ஏறிப் பாடினார். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்தார்.

வீட்டிலும் இதே கதைதான். பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதாவது சொல்வேன். பாதியில் எழுந்து போய்விடுவார். சில நாள் கத்துவேன். "எதுக்கு இப்பக் கத்துறே?" என்பார். கடைசியில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

சாதகம் செய்தேன். தொண்டை வேலை செய்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது ஒத்திகை. மிருதங்கக்காரரின் மனைவி தேநீர் கொண்டுவந்து, சர்க்கரை போதுமா என்று என் கணவரைக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார். இவர் சுருதிப்பெட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா தட்டோடு சுற்றி வந்து மறுபக்கம் நின்று கேட்டதும், "போதும்மா" என்று உடனே சொன்னார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி அவருக்கு வலது பக்கம் மாறி உட்கார்ந்தேன். அதே நிஷாதத்தை இன்னும் மெல்லமாகக் கொடுத்தேன். நான் மூச்சு விடுவதற்குள் எடுத்துக்கொண்டார்.

"இப்பதான் பழைய மாதிரி இருக்கு" என்றார் மிருதங்கக்காரர்.

கிளம்பும்போது இவர் படியோரம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் நின்று, "இந்தக் காது போயிடுச்சா?" என்று கேட்டேன். செருப்பு வாரை இழுத்தபடி இருந்தார். வலப்பக்கம் வந்து அதையே கேட்டேன். கை நின்றது.

"ரெண்டு வருஷமாச்சு" என்றார். "பாட்டுக்காரனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா யாரு கூப்பிடுவா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீதான் எங்கூடப் பேசறதையே நிறுத்திட்டியே."

பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். நடந்து திரும்பினேன்.

மார்ச் 11, புதன்

ரெண்டு வருஷம். சாப்பாட்டு மேஜையில அவர் நாற்காலிக்கு இடப்பக்கம்தான் பாத்திரம் கழுவற தொட்டி. கட்டில்லயும் நான் இடப்பக்கம். அழுகை வரும்னு உட்கார்ந்து பார்த்தேன், வரல. கோபமாவது வரணுமே — அதுவும் இல்ல. கேக்காத காதோடவா இத்தனை நாள் மல்லுக்கு நின்னேன்?

அது மட்டும்தானா? அவர் மறைச்சார். சரி. என்ன ஆச்சு உங்களுக்குன்னு நான் ஒரு தரமாவது கேட்டேனா?

காது மட்டும் நல்லா இருந்திருந்தா சேர்ந்து இருந்திருப்போமா? தெரியல. இருந்திருக்க மாட்டோம்னுதான் தோணுது.

மார்ச் 15, ஞாயிறு

நேற்றைய கச்சேரி முடிந்தது.

மேடையில் என்னை அவருக்கு இடப்பக்கம் உட்காரச் சொன்னார்கள். பின்னால் தொங்கும் எங்கள் படத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அமைப்பாளர் முகம் சுளித்தார்.

கல்யாணி நடுவில் எங்கள் பக்கத்து ஸ்பீக்கர் செத்துப்போனது. அரங்கத்துக்குக் கேட்கிறது, எங்களுக்கு இல்லை. தம்புரா எங்கோ கிணற்றுக்குள் ஒலிப்பதுபோல் இருந்தது. எனக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. குரல் சுருதியை விட்டு மெல்ல மேலே நகர ஆரம்பித்தது — ஒரு நூல், அப்புறம் இரண்டு நூல். முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் நான்கு சுற்று விட்டிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்தது என் முறை. கணக்கெல்லாம் போட்டு பத்து நாள் பழகிய ஸ்வரம். அதை விட்டேன். அவர் பக்கம் நகர்ந்து, காதோரமாக வெறும் ஷட்ஜத்தை, சுருதிக்கு ஆதாரமான அந்த ஒற்றை 'ஸ'வைப் பிடித்தேன். மூச்சு தீரும்போது எடுத்துக்கொண்டு மறுபடியும் ஷட்ஜம். கண்ணை மூடிக்கொண்டார். குரல் இறங்கி வந்து என் குரலோடு சேர்ந்தது. பிறகு அவர் மட்டும் பாடினார், அரைமணிக்கு மேல், நான் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு. அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது. சூடாக இருந்தது.

கைதட்டினார்கள். அம்மா ரொம்ப அடக்கி வாசித்துவிட்டீர்கள் என்றார் அமைப்பாளர், குறையாகத்தான். மகள் மட்டும், "நீ ஏம்மா பாடல?" என்று கேட்டாள். பாடினேனே என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

நீதிமன்றம். பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே ஒரே சத்தம். நீதிபதி அம்மா என்னிடம் கேட்டார், இல்லை என்றேன். அவரிடம் கேட்டார். அவர் என் பக்கம் குனிந்து, "என்ன கேக்குறாங்க?" என்றார்.

"சேர்ந்து வாழ விருப்பம் இருக்கான்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னேன்."

"அப்ப எனக்கும் அதேதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். எத்தனை மாதத்துக்குப் பிறகோ. நீதிபதி அம்மா தலைநிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டோம்.

வெளியே வந்ததும், டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டேன். போகவில்லை. பயமாக இருக்கிறதாம். இதை அவர் வாயால் கேட்பது முதல் தடவை.

ஏப்ரல் 9, வியாழன்

காது பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். வலது காதுக்குக் கை தூக்கிக்கொண்டே இருந்தார். இடதுக்கு மாற்றினார்கள். பரிசோதனை செய்த பெண் குமிழைத் திருப்பினாள், இன்னும் திருப்பினாள். கை மடியிலேயே இருந்தது. பள்ளிப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக் காத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கைக்குட்டை கொண்டுபோகவில்லை, முந்தானைதான்.

அந்தப் பெண் பார்க்காத மாதிரி படிவத்தை எடுத்தாள். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"கூடப் பாடுறவ."

படிவத்தில் அதற்கு இடமில்லை. 'மற்றவர்' என்றிருந்த கட்டத்தில் டிக் செய்துவிட்டு, அடுத்த வாரமும் யாராவது கூட வரவேண்டும் என்றாள். தேதியைக் குறித்துக்கொண்டேன்.