முதல் வரியில் உன் பெயர்

பாசமும் பாதிச் சண்டையும் மிச்சமிருக்கிற கஜன் மச்சானுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருவது: பாரிஸ் லா சப்பலில் நாம் ரோல்ஸ் சாப்பிடும் கடையில் இனி ஆளுக்கு ஒரு சோஸ் பைக்கற் மட்டுமே. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

அடுத்தது நம் இணையப் பட விமர்சனக் குழுச் செய்தி. திரான்சியில் லொறி இடித்து நீ போன மறுநாளே, குழு நிர்வாகி முகப்பில் உன் படத்தைப் போட்டார். பெரிய நடிகரின் படத்தைக் கிழித்தாய் என்று உன் விமர்சனத்தைத் தூக்கியவர், இப்போது உன்னையே தூக்கி வைத்திருக்கிறார். "பிரான்சில பிறந்த பொடியனுக்குத் தமிழ்ப்படம் என்ன விளங்கும்?" என்று கேட்ட அதே வாய், "எங்கட குழுவின்ர முதுகெலும்பு" என்கிறது. உன் முதுகுக்குப் பின்னால் கதைத்தபோது அந்த எலும்பு தெரியவில்லையா?

செத்தால்தான் நல்ல விமர்சனம் கிடைக்குமா, மச்சான்?

வீட்டில் அம்மா வேறு. நான் ஜக்கெற் போட்டாலே, "அவன் போய் மூண்டு மாசமாகேல்லை, உனக்குப் படம் கேக்குதோ?"

"படமில்லை அம்மா, விமர்சனம்."

"ரெண்டும் ஒண்டுதான். சப்பாத்தைக் கழட்டு."

கழற்றவில்லை. போன ஞாயிறு புதுப்படத்தைத் துவைத்துக் காயப்போட்டு எழுதினேன். நீ இருந்தபோதுகூட அப்படி எழுதியதில்லை. யாருடன் பார்த்தோம் என்று முதல் வரியில் சொல்ல வேண்டும், அதுதானே குழு விதி? வழக்கம்போல 'கஜன் மச்சானுடன்' என்று போட்டேன். என் பகிடிகளுக்குக் கீழே சிரிப்புக்குப் பதிலாக மெழுகுதிரிப் படமாக வந்து விழுந்தது. நிர்வாகி அந்த வரியை மட்டும் அழித்து, 'தனியாக' என்று மாற்றிவிட்டார்.

உடனே தொலைபேசி எடுத்தேன். "ஏன் அங்கிள் மாத்தினீங்கள்?"

"தம்பி, பொய் எழுதக்கூடாது. குழுவுக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு."

"உயிரோட இருக்கேக்கை அவனுக்கு அந்த மரியாதை எங்கை போனது?" என்றேன். மனுசன் தொலைபேசியை வைத்துவிட்டார். வெற்றி எனக்குத்தான்!

இதோடு முடிக்கத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் எப்படிப் புளுகுவது? பொய் என்று அவர் சொன்னது சரி. எவ்வளவு பெரிய பொய் என்றுதான் அவருக்குத் தெரியாது. நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. ரிக்கற்றோடு தியேட்டர் வாசல்வரை போனேன். உள்ளே இருட்டு. யாருடைய காதில் குசுகுசுப்பது? திரும்பி வந்து, முன்னோட்டத்தை வைத்தே முழுப்படத்தையும் கிழித்தேன்.

வரும் ஞாயிறு உள்ளே போவேன். திரையில் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை இருப்பேன். பிறகு முதல் வரியில் 'தனியாக' என்று நானே எழுதுவேன்.

ஒற்றைச் சோஸ் பைக்கற்றோடு,
உன் அத்தை மகன்,
டிலான்