யுரேனஸுக்கு மாட்டிய வளையம்

என் பிரியமானவளுக்கு,

நான் இங்கே சௌக்கியம். பாப்பாவுக்கு இருமல் விட்டதா?

எங்கள் கோளரங்கத்து மேனேஜர் கதையைக் கேள். கூரையில் தொங்கும் யுரேனஸ் உருண்டைக்கு வளையத்தைச் செங்குத்தாக மாட்டினேன், நிஜத்திலும் அப்படித்தான். அந்த மேதாவி, “வளையம்னா படுத்துதான்யா இருக்கும்! சனியைப் பார்த்ததே இல்லையா?” என்று படுக்க வைக்கச் சொன்னார். வைத்தேன். நேற்று வந்த வாத்தியார் ஒருவர் அதைத் தப்பென்று சொன்னதும், “இந்த ஆளுக்கு ஒரு எழவும் தெரியாது சார்” என்று என்னைக் கைகாட்டிவிட்டார்.

நான் சனியைப் பார்த்ததில்லையாம்! ஏசி அறையில், சுழல்நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுவதைத் தினமும் பார்த்துத் தொலைக்கிறேனே.

அடுத்த பார்சலில் கொஞ்சம் கெட்டி நூல் வை. நீ போட்டுவிட்ட மோதிரம் லூசாகிக் கழன்று விழுகிறது, சுற்றிக்கட்டணும்.

சனி கூப்பிடுகிறது, ஓடுகிறேன். நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்