முள் ஏறிக்கொண்டிருந்தது

இன்று காலை வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் தோண்டிய குழியின் விளிம்பில் மணல் உதிர்வதைப் பார்த்தேன். காற்று இல்லை. பக்கத்தில் யாரும் நடக்கவுமில்லை. ஒரு சிட்டிகை மணல்தான். கிட்டப் போய்ப் பார்த்தால், அதற்கு மேலே தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் ஓடியிருந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது.

நாமிருவரும் மண் சோதனைக்கூடத்தில் மண் தட்டுகளைக் கழுவிய நாட்களில், அந்த இரும்புப் பெட்டியைத்தான் ஓயாமல் வேடிக்கை பார்ப்போம். மேலும் கீழுமாக இரண்டு பாதி. மணலை நிரப்பி, மேலே எடை ஏற்றி, ஒரு பாதியை மட்டும் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுவார்கள். மணல் எவ்வளவு தாங்குகிறது என்று பக்கத்திலிருக்கும் வட்ட அளவுமானியின் முள் காட்டும். வெறும் மணலுக்கு முள் மெதுவாக ஏறி, ஓரிடத்தில் நின்றுவிடும். சிமெண்ட் கலந்து இறுகவைத்த மணலுக்கு ஏறும், ஏறும், இன்னும் ஏறும். திடீரென்று விழுந்து, வெறும் மணல் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். உடைந்தபின் அதுவும் மணல்தான்.

“வெறும் மணலு மொனங்கிக்கிட்டே சாயுது புள்ள. இது ஒன்னையாட்டம். கடைசி வரைக்கும் வாயே தொறக்காது, அப்பறம் பொட்டுன்னு போயிரும்” என்றாய்.

நான் கோபித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். நீ என் தூக்குவாளியிலிருந்த கருவாட்டை எடுத்துத் தின்றுகொண்டே, “வாயத் தொறந்து கேளு, தாரேன்” என்றாய்.

மஞ்சள் காமாலையில் நீ போனபிறகு எனக்கு அங்கே தனியாகப் போகப் பிடிக்கவில்லை. ஆத்தாவோடு சித்தாள் வேலைக்கு வந்துவிட்டேன். இப்போது குளத்தூரில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. குழி ஆள் உயரத்துக்கும் மேல். ஓரம் சரியாமலிருக்க மேஸ்திரி சுவரெல்லாம் சிமெண்ட் பால் ஊற்றச் சொல்லியிருந்தார். அள்ளிய மணலை நாங்கள் அந்த விளிம்பிலேயே குவித்திருந்தோம்.

“கல்லாட்டம் நிக்குது. எறங்குங்க, எறங்குங்க” என்றார் மேஸ்திரி. ஆத்தா சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“வேணாம் ஆத்தா.” அது எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “கீறல் விட்டிருக்கு.”

மேஸ்திரி சிரித்தார். “அட, வாயில்லாப் பூச்சி பேசுது! அது மேல்பூச்சு வெடிப்பு தாயி. நேத்துலேருந்து சொவரு அசைஞ்சுச்சா?”

அசையவில்லை. அதுதான் என் பயம். முள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

ஆத்தா குழியை நோக்கி நடந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஓடி, ஏணியை மேலே இழுத்தேன். வேப்பமரத்தடி வரை இழுத்துவந்து போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.