ஒற்றைக்கண்ணன் செத்த வாரத்தின் முன்கதைச் சுருக்கம்

மார்ச் 4, திங்கள்

இல்லை, அத்தான் அழவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஏற்கெனவே கழுவிய தட்டை.

ஆனால் ஒற்றைக்கண்ணன் செத்துவிட்டான். நேற்று மாலை, எங்கள் சாப்பாட்டு மேசையில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் ஆடும் கதை ஆட்டம் இது. அத்தான், நான், கீழ்வீட்டுப் பல் டாக்டர் மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். அக்கா கதையை நடத்துபவள். மதில் ஏறுகிறேன் என்று நாம் சொல்ல வேண்டும். ஏறினோமா விழுந்தோமா என்று பகடை சொல்லும். எப்படி விழுந்தோம் என்று அக்கா சொல்வாள். வார நாட்களில் அவள் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் அதே முகம்தான்.

அத்தான் இரண்டு வருடமாக ஒற்றைக்கண்ணன் என்ற திருடன். நேற்று கோட்டைக் கிணற்றில் கயிறு கட்டி இறங்கினான். பகடையில் ஒன்று விழுந்தது. கயிறு அறுந்தது. பிழைக்க இன்னொரு முறை உருட்டினார். மறுபடியும் ஒன்று.

"செத்துட்டான்" என்றாள் அக்கா. "அடுத்து யாரு?"

அத்தான் வேலை பார்ப்பது லிஃப்ட் மெக்கானிக்காக. கயிறு அறுந்து செத்ததற்கு நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பல் டாக்டர் அடக்கவில்லை.

மார்ச் 5

"உங்க அக்காகிட்ட சொல்லு, காஸ் தீரப்போகுது."

"உங்க அத்தான்கிட்ட சொல்லு, எனக்குக் காது நல்லாவே கேக்குது."

மூவரும் ஒரே சமையலறையில் நிற்கிறோம். நடுவில் நான், தபால்காரி.

மார்ச் 6, புதன்

கேட்டேவிட்டேன். "ஒரு கற்பனைத் திருடனுக்காகவா அத்தான் இவ்வளவு?"

"அவனுக்காக இல்ல." ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "சாகட்டும். பகடை அப்படி விழுந்துச்சு. ஆனா ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்ல? அடுத்து யாருன்னா என்ன அர்த்தம்? டோக்கன் கூப்பிடுறாளா?"

"அவ அப்படித்தானே, தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். அதான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை நான் வரல. நீங்களே ஆடுங்க."

இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன ஆடுவது? ஆட்டம் போனால் போகட்டும். இந்த வீடு இப்படியே இருந்தால்?

மார்ச் 7

அக்காவிடம் தூது.

"எதையாவது சொல்லி அவனை எழுப்பி விடேன்க்கா."

"போன மாசம் ஆட்டத்துல டாக்டரோட குதிரை செத்துச்சு. எவ்வளவு கெஞ்சினாரு பாவம். முடியாதுன்னேன். இப்ப வீட்டுக்காரருக்குன்னா மட்டும் வளைஞ்சு குடுக்கவா? என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"

"டாக்டரா, அத்தானா?"

அக்கா போர்வையை மடித்தாள். ஓரம் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

மார்ச் 8, வெள்ளி

ஒரு குறுக்கு வழி இருக்கிறது.

ஆட்டம் தொடங்குமுன் முன்கதைச் சுருக்கம் சொல்வது என் வேலை. வாரப்பத்திரிகைத் தொடர்களில் வருமே, அதுபோல: போன வாரம் என்ன நடந்தது, யார் எங்கே நிற்கிறார்கள். எங்கள் மேசையின் வழக்கம் – சுருக்கத்தில் நான் சொன்னதை யாரும் மறுக்காவிட்டால் அதுதான் நடந்தது. யாருமே குறிப்பு எடுக்காத சோம்பேறித்தனத்தில் பிறந்த சட்டம்.

ஆக, கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஒற்றைக்கண்ணன் நீந்தினான் என்று சொல்லிவிட்டால்? அக்கா விதியை வளைக்க வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

பல் டாக்டர் இருக்கிறாரே. "ஒரு சின்னத் திருத்தம்" என்று ஆரம்பிக்காமல் அவருக்கு எந்த ஞாயிறும் முடிந்ததில்லை. மேற்கு வாசல் என்றால் வடமேற்கு என்பார். குதிரையைப் பறிகொடுத்த மனிதர் வேறு.

மார்ச் 9

ஒத்திகை பார்த்தேன். பொய் எனக்கு நன்றாகவே வருகிறது. ஆய்வேடு எழுதும் பழக்கம்.

ஆனால் அத்தான் கேட்டது உயிரையா?

மார்ச் 10, ஞாயிறு

சொன்னபடி அத்தான் மேசைக்கு வரவில்லை. ஆனால் வெளியேயும் போகவில்லை. கூடத்து மூலையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நன்றாகவே ஓடும் ஒரு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நான் ஆரம்பித்தேன். கோட்டை. கயிறு. கிணறு. பகடையில் ஒன்று, மறுபடியும் ஒன்று. தண்ணீர் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. சொல்லவில்லை.

"ஒற்றைக்கண்ணன் செத்தான்" என்றேன். "அதைச் சொல்வதற்கு முன்னால், கதை நடத்துபவள் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அவளுக்கு மனப்பாடமான புத்தகம். அவனைக் காப்பாற்ற அதில் ஒரு வரி கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. திருடன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை."

சுருக்கத்தில் கதைக்கு வெளியே நடந்ததைச் சொல்லும் வழக்கம் கிடையாது. அக்கா என்னை முறைத்தாள்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்னத் திருத்தம்."

போச்சு, என்று நினைத்தேன்.

"புத்தகத்தைத் தலைகீழா பிடிச்சிருந்தாங்க. நான் எதிர்ல உக்காந்திருந்தேன். அட்டையில எழுத்து கவுந்து தெரிஞ்சுது."

மூலையில் திருப்புளிச் சத்தம் நின்றது.

"தலைகீழாவா?" என்றார் அத்தான், விசிறியிடம் கேட்பதுபோல.

யாரும் மறுக்கவில்லை. அக்கா பகடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"எழுத்தே தெரியல" என்றாள். "சட்டுன்னு சொல்லலன்னா சொல்லியிருக்கவே மாட்டேன்."

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அத்தான் கேட்டார்: "விழுறப்ப அவன் ஏதாவது சொன்னானா?"

"நீங்கதான் சொல்லணும். உங்க ஆளு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு இருவருமாகச் சேர்ந்து அவனை நிதானமாகச் சாகடித்தார்கள். அவர் ஒரு வரி, அவள் ஒரு வரி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆட்டம் அதற்குமேல் நகரவில்லை.

மார்ச் 11, திங்கள்

காலையில் அத்தான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "பாட்டுக்காரன் ஒருத்தனை ஆடலாமா? உயரம்னா பயம் அவனுக்கு" என்றார். கேட்டது என்னிடம் இல்லை, அக்காவிடம்.

"பாடிக் காட்டணும். ஃபெயில் ஆனா மறுபடி வரணும்" என்றாள் அக்கா.

பாட்டுக்காரனை எழுதிக்கொள்ள நான் வெள்ளைத்தாள் ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டு நூலகத்துக்குக் கிளம்பினேன்.