முதுகு காட்டி அழுகிறவள்

மார்ச் 4, செவ்வாய்

சிலிண்டர் கம்பெனியிலிருந்து போன். நான் ஹலோ சொன்னதுதான் தாமதம், "பாப்பா, வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா" என்றார். எனக்கு முப்பத்தொன்பது வயது. யாரோடு மல்லுக்கட்டுவது? "அம்மா தூங்குறாங்க அங்கிள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா தூங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உன் தொண்டைக்கு மட்டுந்தான்டி வயசே ஆகல. பாக்கி எல்லாத்துக்கும் ஆயிடுச்சு" என்றாள். பெற்றவள் பேசுகிற பேச்சு இது.

சாயங்காலம் ஸ்டுடியோவிலிருந்து அழைத்தார்கள். ஜப்பான் கார்ட்டூன் படம் ஒன்றைத் தமிழில் டப்பிங் செய்கிறார்களாம். டைரக்டர் அவன்தான், என் பழைய ஆள்.

மார்ச் 6, வியாழன்

படத்தைப் போட்டுக் காட்டினார்கள். நான் இத்தனை வருடம் அணிலாகவும் முயலாகவும் பல் விழுந்த பையனாகவும் பேசிப் பிழைத்தவள். கார்ட்டூன் என்றதும் கீச்சுக் கீச்சென்று கத்தத் தயாராகப் போனேன். இது அந்த ரகம் இல்லை.

பள்ளிக்கூடத்து முயல் கூண்டைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் ஒரு பையனும் ஒரு பெண்ணும். அவள் அப்பாவுக்கு மாற்றலாகி ஊரை விட்டுப் போகிறாள். போனில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு குறைகிறது. பிறகு நின்றே போகிறது. யார் மேலும் குற்றம் இல்லை, அதுதான் கொடுமை. பெரியவளானதும் கல்யாணத்துக்குச் செருப்பு வாங்க ஒரு கடைக்குப் போகிறாள். மண்டியிட்டுப் பாதத்தை அளக்கிறவன் அந்தப் பையன். இரண்டு பேருக்கும் அடையாளம் தெரிகிறது. இரண்டு பேரும் சொல்வதில்லை. "உங்களுக்கு இது சரியா இருக்கும்" என்கிறான் அவன். தெருவைத் தாண்டிப் போய் அவள் அழுகிறாள். முகத்தைக் காட்டவே இல்லை, முதுகு மட்டும்தான். எல்லாவற்றையும் குரல்தான் செய்ய வேண்டும்.

சின்னப் பெண் எனக்குத்தான். அதில் பேச்சே இல்லை. பெரியவளும் எனக்கே வேண்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த வாயால் ஒரு முழுப் பெண் பேச வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

சின்னப் பெண்ணைப் பேசி முடித்தேன். "பாப்பான்னா பாப்பாதான், ஒரே டேக்!" என்றார் சவுண்ட் எஞ்சினியர். அங்கே எல்லோருக்கும் நான் பாப்பா. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும்.

அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் அவனும் நானும் இந்தப் பக்கம் ஒரே மைக் முன்னால் நின்று படங்களுக்குச் சந்தை இரைச்சல் கொடுத்தவர்கள். 'கிலோ என்ன விலை' என்று அவன் கத்துவான், 'கட்டுப்படியாகாது' என்று நான் கத்துவேன். அப்படித்தான் காதலித்தோம். பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாப்பில், கல்யாணம் பண்ணிக்கலாமா என்று நானே கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் குரல்ல அதைக் கேட்டா ஏதோ குழந்தை மிட்டாய் கேக்குற மாதிரி இருக்கு" என்றான். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. அவன் குரல் கனத்தது, டைரக்டர் ஆனான், கல்யாணமும் பண்ணிக்கொண்டான். நான் அணிலாகவே இருந்துவிட்டேன்.

மார்ச் 12

பெரியவள் வேஷத்தைக் கேட்டேன். "யோசிக்கிறேன்" என்றான். யோசிக்கிறவன் முகமா அது?

மார்ச் 14, வெள்ளி

குளியலறையைச் சாத்திக்கொண்டு செருப்புக் கடைக் காட்சியைப் பேசிப் பார்த்தேன். வயிற்றிலிருந்து, அவசரப்படாமல். வெளியே அம்மாவின் சத்தம்: "யாரு உள்ள? யாரு?" நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொண்டேன். "விடுடி, உடம்பெல்லாம் ஈரம்" என்று தள்ளிவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

ரேடியோவில் அறிவிப்பு சொல்லும் ஓர் இளம்பெண்ணைக் கொண்டு வந்திருக்கிறான். பெரியவள் அவளாம். எல்லோரும் இருக்கும்போது சொன்னான். நான் பேசிப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒரு தடவை கேளுங்க சார் என்றேன். "அய்யோ பாப்பா, கிளைமாக்ஸ்ல நீ வாயத் திறந்தா தியேட்டரே சிரிக்கும்." எஞ்சினியர்கூடச் சிரித்தார். அந்த ரேடியோக்காரி சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வெளியே வந்ததும் ஓடி வந்து, "அக்கா, உங்க குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்" என்றாள். வளர்ந்துவிட்டாய் அல்லவா, போ.

மார்ச் 20, வியாழன்

ரேடியோக்காரிக்குப் பேச வருகிறது, அழ வரவில்லையாம். இரண்டு நாளாக விக்கல் மாதிரி ஏதோ செய்துகொண்டிருக்கிறாளாம். அழுகைக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டான். எங்கள் தொழிலில் இது சகஜம்தான். பேச்சு ஒருத்தி, இருமல் ஒருத்தி, அழுகை ஒருத்தி. பெயர் என்னவோ பேசுகிறவளுக்குத்தான்.

போகக் கூடாது. நாளைக்குப் பத்து மணிக்கு.

மார்ச் 21, வெள்ளி

எழுத வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

திரையில் அந்த முதுகு. நான் அழுகிறேன், எனக்குத் தெரிந்த எல்லா அழுகையும். அவன், "பாப்பா அழுகை வேணாம், பொம்பளை அழுகை வேணும்" என்கிறான். மறுபடி. மறுபடி. எஞ்சினியர் கொட்டாவி விட்டார். பிறகு ஹெட்போனில், காதுக்குள், அவன் குரல், மெதுவாக:

"பஸ் ஸ்டாப்ல என்கிட்ட கேட்டியே, ஞாபகம் இருக்கா? அதை என் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கேன். உன் குரல்ல அப்படியே பேசிக் காட்டுவா. 'கல்யாணம் பண்ணிக்கலாமா'ன்னு. வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளைங்க அவளைப் பேசிக் காட்டச் சொல்லும். வீடே சிரிக்கும்."

இத்தனை வருஷமா? அந்த வீட்ல நான் ஒரு ஜோக்கா? அந்தப் பிள்ளைங்க வரைக்கும்?

என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் அவன், "ஓகே. சூப்பர்" என்றான். வெளியே வந்து, நிஜமா அது, என்று கேட்டேன். "அழுகை வந்துச்சுல்ல? விடு" என்றான். பாவி. டேய் பாவி. நீ நல்லா இருப்பியா?

ரேடியோக்காரி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 22

தொண்டை கட்டிவிட்டது. அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

மார்ச் 26, புதன்

அவன் போன். அழுகையையும் பேச்சையும் சேர்த்துப் பார்த்தார்களாம், ஒட்டவில்லையாம். பேசுகிறவள் வேறு, அழுகிறவள் வேறு என்று குழந்தைக்குக்கூடத் தெரிகிறதாம். "அந்த அழுகையை விட மனசில்ல. மறுபடி எடுத்தாலும் அப்படி வராது. பேச்சையும் நீயே பேசிடு."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சரி என்றேன்.

"கடை ஒலிபெருக்கியில ஒரு அறிவிப்பு வருதே, அதை மட்டும் அந்தப் பொண்ணுக்கே விட்டுடலாமா? பாவம், வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு" என்றான். அவனுக்கே இரக்கம் வந்திருந்தது. நான், "அந்தக் குரலா? தியேட்டரே சிரிக்கும்" என்றேன். அவன் அதையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டான்.

ஏப்ரல் 2, புதன்

பேசி முடித்தேன். 'நீங்க இங்கதான் வேலை பார்க்கறீங்களா' என்ற வரியில் எஞ்சினியர் நிமிர்ந்து பார்த்தார். யாரும் பாப்பா என்று கூப்பிடவில்லை. அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருக்கலாம். எனக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. முன்பு எப்போதோ ஒரே பஸ்ஸில் போன ஆள் போலத் தெரிந்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரேடியோக்காரி போன் செய்தாள். படத்தில் அவள் குரல் எங்குமே இல்லை என்று இன்றுதான் யாரோ சொன்னார்களாம். "அப்பா ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டாருக்கா. நான் என்னக்கா தப்பு பண்ணேன்? உங்களுக்காவது தெரியுமா?" என்று ஆரம்பித்தவள், உடைந்துபோய் அழத் தொடங்கினாள்.

நல்ல அழுகை. முதலில் மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள், மூக்கால் விட்டுவிடுகிறாள், அப்புறம்தான் சத்தம் வருகிறது, அதுவும் உடனே வருவதில்லை. மைக் முன்னால் இது வந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள்.

"வச்சிடட்டுமாக்கா? உங்களைத் தொந்தரவு பண்றேன்" என்றாள்.

"வைக்காதம்மா. அழு. மனசுல இருக்கறதெல்லாம் அழுது தீர்த்துடு" என்றேன். இவ்வளவு நல்ல அக்காவா என்று நினைத்திருப்பாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். அவள் மூச்சு இழுக்கும் இடத்தில் நானும் இழுத்து, அவள் விடும் இடத்தில் விட்டு, சத்தம் வராமல் கூடவே செய்து பார்த்தேன். அடுத்த மாதம் ஒரு தொடர் வருகிறது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேஷம். எனக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள்.